பிடிமண்ணும் திருப்பண்டமும்

திருத்தூதர் தோமையாரின் கல்லறையைத் திறந்து பார்த்ததைச் சொல்லும் மிகப் பழைய கதையில் எலும்பு இல்லை. கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எதெசா நகரத்துச் சூழலில் சிரியாக் மொழியில் எழுதப்பட்ட 'தோமாவின் பணிகள்' என்ற நூலின் கடைசிப் பகுதியில் அந்தக் கதை வருகிறது. திருத்தூதரை ஈட்டியால் குத்திக் கொல்லச் சொன்ன மஸ்தாய் மன்னனின் மகனைப் பேய் பிடித்துவிடுகிறது. அடக்கம் செய்த இடத்தைத் திறந்து, ஓர் எலும்பை எடுத்து மகன் உடம்பில் கட்டினால் குணமாகும் என்று நினைத்து மன்னன் போகிறான். கல்லறையில் ஒன்றும் இல்லை. கிறிஸ்தவச் சகோதரர்களில் ஒருவர் எலும்புகளை முன்பே மேற்கே கொண்டுபோய்விட்டார். எலும்பு கிடந்த இடத்து மண்ணை அள்ளிக்கொண்டு மன்னன் வீடு திரும்புகிறான். அந்த மண்ணிலேயே மகன் குணமடைகிறான்.

நூல் எழுந்த ஊரைக் கவனித்தால் இது சாதாரணக் கதை அல்ல என்று தெரியும். எதெசா, தோமையாரின் எலும்புகள் தன்னிடம் இருப்பதாகப் பெருமை கொண்ட நகரம். நான்காம் நூற்றாண்டில் அங்கே வாழ்ந்த எப்ரேம், எலும்புகளை இந்தியாவிலிருந்து ஒரு வணிகர் கொண்டுவந்ததாகப் பாடினார். 384இல் எகேரியா என்ற பெண் யாத்திரிகர் தோமையாரின் நினைவாலயத்தைக் காண அங்கே போனார். எலும்பு எங்களிடம் வந்துவிட்டது என்று நிறுவ வேண்டிய தேவை அந்த நகரத்துக்கு இருந்தது. அப்படியிருந்தும், வெறுமையான கல்லறையின் மண்ணுக்கும் அதே அருள் உண்டு என்று அவர்களுடைய நூலே ஒப்புக்கொண்டுவிட்டது. தோமையார் கல்லறையைப் பற்றிய விவாதங்களில் எலும்பு அசலா போலியா என்ற கேள்வியே எப்போதும் முன்னால் நிற்கிறது. மண்ணைப் பின்தொடர்ந்து போனால் வேறொரு வரலாறு தெரிகிறது. அந்த வரலாற்றுக்குள் இலங்கையின் பதுளை மாவட்டத்து மடுல்சீமையும் வருகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மரபுப்படி தோமையாரை அடக்கம் செய்த சென்னை மயிலாப்பூரில், கல்லறை மேல் நின்ற இடைக்காலக் கோயிலை இன்று யாரும் பார்க்க முடியாது. இன்றைய சாந்தோம் பேராலயம், பழைய போர்த்துக்கேயக் கோயிலை 1893இல் இடித்துவிட்டு எழுப்பி 1896இல் அர்ச்சிக்கப்பட்ட வெள்ளை நிறக் கோதிக் கட்டடம். ஊசிக் கோபுரம் கடற்கரையிலிருந்தே தெரியும். 1956இல் பசிலிக்கா என்ற தகுதி கிடைத்தது. கல்லறைக்குப் போகிறவர்கள் பேராலயத்தின் பின்பக்கமாகச் சுற்றிப்போய், படியிறங்கி, நிலத்தடிச் சிற்றாலயத்துக்குள் நுழைகிறார்கள். கண்ணாடிக்குள் படுத்த நிலையில் ஒரு சுரூபம். சிறிய எலும்புத் துண்டு ஒன்றும் ஈட்டி முனை ஒன்றும் இங்கே காக்கப்படும் திருப்பண்டங்கள். மேலே வாகன இரைச்சல் இருந்தாலும் கீழே யாரும் உரக்கப் பேசுவதில்லை. உள்ளே வருகிறவர்களின் கை முதலில் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். நெற்றியில் சிலுவை போடுவதற்கு முன்பே பலர் குனிந்து தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். தரை இப்போது மெருகேற்றிய கல்தான். கை மட்டும் பழைய பழக்கத்தை விடவில்லை.

அந்தப் பழக்கம் எவ்வளவு பழையது என்பதற்கு மார்க்கோ போலோவின் சாட்சியம் இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் அவர் சொன்னது இது: திருத்தூதரின் உடல் மாபார் (சோழமண்டலக் கரை) நாட்டில் ஒரு சிற்றூரில் இருக்கிறது, வணிகர்கள் அதிகம் போகாத ஊர், ஆனாலும் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் யாத்திரையாக வருகிறார்கள். வருகிறவர்கள் அவர் கொல்லப்பட்ட இடத்துச் செம்மண்ணை எடுத்துப் போய், முறைக்காய்ச்சல் கண்டவர்களுக்குத் தண்ணீரில் கலந்து கொடுக்கிறார்கள், காய்ச்சல் விடுகிறது. தோமையார் இறந்த விதத்தையும் அவர் உள்ளூர்க்காரர்கள் சொன்னபடியே எழுதினார். மயில் வேட்டைக்கு வந்த ஒருவன் எய்த அம்பு, மயில்களுக்கு நடுவே செபித்துக்கொண்டிருந்தவர் மேல் தவறிப் பாய்ந்ததாம். சிரியாக் நூலின் ஈட்டிக்காரர்கள் இதில் இல்லை. கதை ஊரின் கதையாக மாறியிருக்கிறது, மண்ணோ நூலில் இருந்தபடியே இருக்கிறது.

அவருக்கு முன்னும் பின்னும் வந்தவர்கள் ஒவ்வொருவரும் வேறு வேறு கோயிலைப் பார்த்ததைப்போல எழுதினார்கள். ஆறாம் நூற்றாண்டில் பிரான்சில் இருந்த தூர் நகர ஆயர் கிரகோரி, இந்தியாவுக்குப் போய்வந்த தியோடர் என்பவரிடம் கேட்டறிந்து, அங்கே பெரிய கோயிலும் மடமும் உண்டென்றும், எண்ணெயும் திரியும் தொடாமலே அணையாமல் எரியும் விளக்கொன்று உண்டென்றும் எழுதினார். 1291இல் வந்த மொந்தெகொர்வீனோ ஜான், சீனாவுக்குப் போகும் வழியில் பதின்மூன்று மாதம் இங்கே தங்கினார். கூட வந்த பிஸ்தோயா நிக்கோலாஸ் என்ற துறவி இறந்துபோக, அவரை இந்தக் கோயிலிலேயே அடக்கம் செய்தார். முப்பது ஆண்டு கழித்து வந்த ஒடோரிக்கோ என்ற துறவி, கோயிலுக்குள் விக்கிரகங்கள் நிறைந்திருப்பதாகவும், பக்கத்தில் பதினைந்து நெஸ்தோரியக் கிறிஸ்தவ வீடுகள் இருப்பதாகவும் குறைப்பட்டுக்கொண்டார். பதினைந்தாம் நூற்றாண்டில் நிக்கோலோ கோந்தி கண்டது பெரிய அழகான கோயில். 1516ஐ ஒட்டி துவார்த்தே பார்போசா எழுதும்போது அது பாழடைந்து கிடந்தது. ஒரு முஸ்லிம் பக்கிரி அதைப் பார்த்துக்கொண்டு, போவோர் வருவோரிடம் தருமம் கேட்டு விளக்கு எரித்துக்கொண்டிருந்தார். கிரகோரியின் அற்புத விளக்குக்கும் இந்தப் பக்கிரியின் விளக்குக்கும் இடையே ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு. இரண்டில் என் மனம் பக்கிரியின் விளக்குப் பக்கமே சாய்கிறது. திருச்சபையின் எந்தப் பதவியும் இல்லாத ஒருவர், தன் மதத்தவர் அல்லாத ஒருவரின் கல்லறையை இருட்டில் விடாமல் காத்திருக்கிறார்.

இந்தப் பயணிகள் எல்லோரும் மேற்கிலிருந்து வந்தவர்கள். அவர்களுடைய உலகத்தில் திருப்பண்டம் என்றால் முதலில் எலும்புதான். 787இல் இரண்டாம் நிசேயா சங்கம், திருப்பண்டம் வைக்காமல் எந்தக் கோயிலையும் அர்ச்சிக்கக் கூடாது என்று விதித்தது. கோயில்கள் பெருகப் பெருக எலும்புக்குத் தேவை பெருகியது. பிரித்துக் கொடுத்தார்கள், விற்றார்கள், திருடினார்கள்; திருட்டைப் புனிதர் விரும்பியே இடம் மாறினார் என்று நியாயப்படுத்தினார்கள். 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம், திருப்பண்டங்களைப் பேழைக்கு வெளியே காட்டக் கூடாது, விற்பனைக்கு வைக்கக் கூடாது என்று தடுக்க வேண்டிய அளவுக்குப் போனது. எதெசாவின் எலும்புகளுக்கும் இதே கதிதான். நகரம் 1144இல் முஸ்லிம் ஆட்சியாளர் செங்கியிடம் விழுந்த பிறகு அவை ஏஜியன் கடலில் உள்ள கியோஸ் தீவில் இருந்ததாகச் சொல்லப்பட்டது. 1258இல் இத்தாலியின் ஒர்த்தோனா ஊர்க் கப்பல் தலைவர் லியோன் அங்கிருந்து எலும்புகளையும், கல்லறை மேலிருந்த கல்லையும் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பினார். அந்த ஊர்ப் பேராலயத்தில்தான் இன்றும் இருக்கின்றன. 1566இல் துருக்கியர் ஊரை எரித்தார்கள். 1943 டிசம்பரில், இரண்டாம் உலகப் போரில், பின்வாங்கிய ஜெர்மானியப் படை அந்தப் பேராலயத்தின் பெரும்பகுதியை வெடிவைத்துத் தகர்த்தது. எலும்புகள் தப்பின. அதிலிருந்து ஒரு கை எலும்பு 1953இல் கேரளத்தின் கொடுங்கல்லூருக்கு வந்தது.

அப்படியானால் போர்த்துக்கேயர் மயிலாப்பூரில் கண்டெடுத்தது என்ன? 1523இல் அவர்கள் கல்லறையைத் தோண்டினார்கள். தோண்டியவர்களில் ஒருவரான தியோகு பெர்னாந்தஸ் பத்து ஆண்டு கழித்துச் சத்தியம் செய்து வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். எலும்புகளும் ஓர் ஈட்டி முனையும் கிடைத்தன. கூடவே மண் நிறைத்த ஒரு கலயமும் கிடைத்தது. இரத்தம் தோய்ந்த மண் என்று அன்றைய வரலாற்றாசிரியர்கள் அதை விளக்கினார்கள். எலும்புகளைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள்; சாவி யாரிடம் இருப்பது என்ற பேச்சும் தொடங்கிவிட்டது. கலயத்து மண்ணைப் பற்றி அவ்வளவு பேச்சு எழவில்லை. பாழடைந்த அந்தக் கல்லறைக்குள் யாரோ ஒரு காலத்தில் மண்ணைத் தனியாகக் கலயத்தில் இட்டு, எலும்புக்கு நிகராக வைத்திருக்கிறார்கள் என்பதே எனக்கு அந்த அகழ்வின் முதன்மையான செய்தி.

அதே போர்த்துக்கேயர் 1560இல் யாழ்ப்பாணத்தின் மேல் படையெடுத்தபோது ஒரு பல் அவர்கள் கையில் சிக்கியது. புத்தரின் பல் என்று கோவாவுக்குக் கொண்டுபோனார்கள். பர்மாவின் பெகு நாட்டு மன்னர் பெரும் பொருள் கொடுத்து மீட்கத் தூது விட்டார். ஆளுநர் கொன்ஸ்தாந்தினோ பணத்தை வாங்க விரும்பினாலும் குருமார் விடவில்லை. 1561இல் பேராயர் முன்னிலையில் அதை உரலில் இட்டு இடித்து, எரித்து, சாம்பலை ஆற்றில் கொட்டினார்கள். உண்மையான தந்த தாது தங்களிடமே இருக்கிறது என்பது சிங்கள மன்னர்களின் நிலைப்பாடு. கண்டியில் அது இன்றும் வழிபடப்படுகிறது. ஒரு கல்லறையிலிருந்து எலும்பைப் பயபக்தியோடு எடுத்த கைகளின் அடுத்த தலைமுறை, இன்னொரு மக்களின் திருப்பண்டத்தை உரலில் இடித்தது. கத்தோலிக்கர்களான நாம் மயிலாப்பூர் கல்லறைப் படிகளில் இறங்கும்போது இதையும் மறக்காமல் இறங்க வேண்டும்.

எலும்பு, பல் எல்லாம் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. கைப்பற்றலாம், பூட்டலாம், இடிக்கலாம். மண்ணை அப்படிச் செய்ய முடியாது. மேற்கிலும் எளிய மக்கள் இதை அறிந்தே இருந்தார்கள். நம் விளக்கைப் பற்றி எழுதிய அதே கிரகோரி, வயிற்றுக் கடுப்பில் சாகக் கிடந்தபோது தூர் நகரத்துப் புனித மார்ட்டின் கல்லறையின் தூசியைத் தண்ணீரில் கலந்து குடித்துப் பிழைத்ததாகத் தானே எழுதியிருக்கிறார். அந்தியோக்கியாவுக்கு அருகே இளைய சிமியோன் வாழ்ந்த மலையின் மண்ணை, அவர் உருவம் பதித்த சிறு வில்லைகளாக்கி யாத்திரிகர்கள் எடுத்துப் போனார்கள். ஆனால் அங்கே இந்தப் பழக்கம் எலும்பின் நிழலிலேயே இருந்தது. தமிழரிடம் நிலைமை வேறு. தெய்வம் ஊர் மாறுவதற்கு நம்மிடம் இருந்த முதல் வழியே மண்தான்.

பிடிமண் எடுப்பது தென்மாவட்டத்துக் குடும்பங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிழைப்புக்காகவோ பகைக்காகவோ ஊரை விட்டுப் போகிறவர்கள், குலதெய்வக் கோயிலில் பூசாரியிடம் உத்தரவு கேட்டு ஒரு பிடி மண் வாங்குவார்கள். மஞ்சள் துணியில் முடிந்து, வழியில் கண்ட இடத்தில் இறக்கி வைக்காமல் கொண்டுபோய், புதிய இடத்தில் பீடத்துக்கு அடியில் இடுவார்கள். அன்றிலிருந்து தெய்வம் அங்கேயும் இருக்கிறது. பழைய கோயிலில் எதுவும் குறையவில்லை. ஐரோப்பிய நகரங்கள் ஒன்றின் எலும்பை ஒன்று பறித்துக்கொண்டிருந்த முறைக்கு நேர் எதிரான முறை இது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சி, மதுரை, இராமநாதபுரம் சீமைகளிலிருந்து இலங்கையின் கோப்பித் தோட்டத்துக்கும் பிறகு தேயிலைத் தோட்டத்துக்கும் வந்தவர்கள் இந்தப் பழக்கத்தோடுதான் மன்னார்க் கரையில் இறங்கினார்கள். அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளை வரை நடை. வாந்திபேதியில் வழியெல்லாம் செத்தார்கள். கண்டிச் சீமையைத் தாண்டி ஊவாவுக்கு ஏறியவர்களுக்கு இன்னும் தூரம். பதுளைக்கு ரயில் வந்ததே 1924இல்தான். மலையகத்தின் பல மாரியம்மன் கோயில்களுக்கும் முனியாண்டி பீடங்களுக்கும் அடியில் ஊர்மண் இருப்பதாகச் சொல்வார்கள். அதே கங்காணிகளின் கீழ், அதே கப்பலில் வந்த கத்தோலிக்கக் குடும்பங்களுக்கும் ஒரு மண் தேவைப்பட்டது. அது அவர்கள் நடந்து வந்த வழிக்குப் பக்கத்திலேயே இருந்தது.

1670ஐ ஒட்டி ஒல்லாந்தரின் கத்தோலிக்க எதிர்ப்புக்குத் தப்பி, மாந்தையில் இருந்த குடும்பங்கள் மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு வன்னிக் காட்டுக்குள் போயின. அப்படி உருவானதே மடு என்று சுருக்கமாக அழைக்கப்படும் மருதமடு. யூலை 2ஆம் திகதியும், ஆவணித் திருவிழா என்று அழைக்கப்படும் ஓகஸ்ட் 15ஆம் திகதியும் அங்கே இலங்கை முழுவதிலிருந்தும் தமிழரும் சிங்களவரும் கூடுகிறார்கள். 2015 சனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் காலையில் காலிமுகத்திடலில் யோசேவாஸ் அடிகளைப் புனிதராக அறிவித்துவிட்டு, பிற்பகல் மடுவுக்குப் போனார். அந்தப் புனிதரின் கல்லறையும் நமக்கு இல்லை. 1711இல் கண்டியில் இறந்து அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்; அந்த இடம் மறைந்துபோனது. மடுவிலோ எந்தத் திருத்தூதரின் எலும்பும் இருந்ததில்லை. யாத்திரிகர்கள் எடுத்துப் போவது மண். மடு மண் இருக்கும் இடத்தில் பாம்பு தீண்டாது, தீண்டினாலும் விஷம் ஏறாது என்பது தலைமுறை தலைமுறையான நம்பிக்கை.

மடுல்சீமையில் அந்த மண்ணை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். பசறையிலிருந்து மேலே ஏறும் பாதையின் முடிவில், பிட்டமாறுவப் பள்ளத்தாக்கை நோக்கிய மலைகளில் தேயிலை. யூலை, ஓகஸ்ட் மாதங்களில் கச்சான் காற்று காய்ந்து வீசும். கொழுந்து குறையும், ஊவாத் தேயிலைக்கு விலை ஏறும். மடுத் திருவிழா இரண்டும் சரியாக அந்தக் காலத்தில் வருகின்றன. தோட்டத் தொழிலாளர்கள் காலை வேலைப் பதிவான பெரட்டுக்குப் பேர் கொடுக்காமல், சம்பளத்தை இழந்து பஸ் பிடித்துப் போகிறார்கள். லயத்து வீடொன்றில், முன்னறைச் சுவரில் மாதா படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு வயதான அம்மா சின்ன முடிச்சை எடுத்தார். பழைய சேலைக் கிழிசல், வாய் நூலால் இறுக்கிச் சுற்றியிருந்தது. அவிழ்த்தால் மணல் கலந்த வெளிறிய மண், ஒரு தேக்கரண்டி இருக்கும். மலையின் ஈரமான கருமண்ணுக்குச் சம்பந்தமே இல்லாத வறண்ட நிலத்து மண்.

"மாதா மண்ணு தம்பி. லயத்து நாலு மூலையிலயும் போட்டிருக்கோம். கொழுந்தெடுக்கப் போறப்ப இடுப்புத் துணியில ஒரு சிட்டிகை முடிஞ்சுக்குவேன்."

"கடிச்சிட்டா என்னம்மா செய்வீங்க?"

"தண்ணியில கரைச்சுக் குடுப்போம். குடுத்துட்டு ஆஸ்பத்திரிக்கும் தூக்கிட்டு ஓடுவோம். மாதாவும் வேணும், டொக்டரும் வேணும்ல."

அவர் சொன்ன வரிசை முக்கியம். மண்ணை நம்பி மருந்தை விட்டவர் அல்ல அவர். மலைப் பாதையில் வண்டி கிடைத்து, விஷமுறிவு ஊசி உள்ள மருத்துவமனைக்குப் போய்ச் சேரும் நேரம் வரை கையில் பிடித்துக்கொள்ள அவருக்கு ஒன்று வேண்டும். மார்க்கோ போலோ கேட்ட முறைக்காய்ச்சலுக்கும் இந்தப் பாம்புக்கடிக்கும் மண்ணைக் கொடுக்கும் முறை ஒன்றே: ஒரு சிட்டிகை, தண்ணீரில் கரைத்து. அதே வீட்டில் மடு மண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கடதாசிப் பொட்டலத்தில் கதிர்காம விபூதியும் இருந்தது. மகனுக்குப் பெண்ணெடுத்த வீடு சைவம். கதிர்காம விபூதி சாணத்தைச் சுட்டு எடுத்தது அல்ல. அங்குள்ள மலையில் வெட்டியெடுக்கும் வெண்மண். ஊவா மாகாணத்தின் இந்தக் கோடியில் ஒரு கத்தோலிக்க வீட்டுச் சுவரில் இரண்டு மண்ணும் சண்டையில்லாமல் இருக்கின்றன. ஒடோரிக்கோ மயிலாப்பூரில் முகம் சுளித்தது இப்படியொரு காட்சியைப் பார்த்துத்தான்.

திருச்சபைச் சட்டத்தில் இந்த மண்ணுக்கு உறுதியான இடம் இல்லை. உடலும் உடலின் பெரும்பகுதிகளும் ஒரு வகை, சிறு துண்டுகளும் புனிதர் பயன்படுத்திய பொருள்களும் இன்னொரு வகை என்று 2017இல் உரோமை வெளியிட்ட விதிமுறை பிரிக்கிறது. இரண்டுக்கும் உண்மைச் சான்றிதழும் முத்திரையும் வேண்டும். சேலைக் கிழிசலில் முடிந்த மண்ணுக்கு யார் முத்திரை வைப்பார்கள்? சில குருமார் இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவதையும் கேட்டிருக்கிறேன். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தோமையாரைப் பற்றிய முதல் நூலே மண்ணுக்குச் சாட்சி சொல்லும்போது, மயிலாப்பூர் கல்லறைக்குள்ளேயே மண் கலயம் இருந்தபோது, இதைக் கத்தோலிக்க மரபின் ஓரத்தில் ஒட்டிய அழுக்காகத் தள்ள முடியாது. அரசர்களும் ஆயர்களும் எலும்பை வைத்திருந்த காலம் முழுவதும் ஏழைகளின் திருப்பண்டமாக இருந்தது இதுதான்.

மலையகத்து மனிதருக்கு இதில் இன்னொரு கனமும் உண்டு. மடுல்சீமையில் இறந்தவர்கள் தோட்டத்து மயானத்தில் கிடக்கிறார்கள். அந்த நிலம் கம்பனியின் பொறுப்பில் உள்ள நிலம். பிள்ளைகளுக்கு அதில் ஓர் அடி சொந்தமில்லை. 1948 குடியுரிமைச் சட்டம் உயிரோடு இருந்தவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை கொடுக்கவும் கணக்குப் போட்டது. தாத்தாவை இங்கே புதைத்துவிட்டு, தலைமன்னாரில் கப்பலேறி, தாத்தா பிறந்த ஊருக்கு அந்நியராகப் போய் இறங்கினார்கள். அப்போது யார் எந்த மண்ணை எடுத்துப் போனார்கள்? நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் குடியேறிய குடும்பங்களின் மாதா படங்களுக்குப் பின்னால் மடு மண் இருக்கிறதா? தோட்டத்துக் கல்லறை மண் இருக்கிறதா?

1972இல் உருவான பதுளை மறைமாவட்டம் பதுளை, மொனராகலை இரண்டு மாவட்டங்களையும் உள்ளடக்கியது. அதன் பங்குகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளில் பெயர்கள் கிடைக்கும். மண்ணைப் பற்றி எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. அதைச் சொல்லக்கூடியவர்கள் எழுபது எண்பது வயதுப் பெண்கள். யார் மடுவுக்கு முதலில் போனது, மண்ணை எந்த இடத்திலிருந்து எடுத்தார்கள், பழைய மண்ணை என்ன செய்வார்கள், மாற்றுகிறார்களா சேர்க்கிறார்களா, 1999 நவம்பரில் மடு ஆலயத்தில் செல் விழுந்து அடைக்கலம் தேடியிருந்தவர்கள் செத்த பிறகும், 2008இல் சுரூபத்தையே அங்கிருந்து எடுத்துப் போன மாதங்களிலும் மண் எடுப்பது நின்றதா என்று கேட்டு எழுத வேண்டும். பெரிய ஆராய்ச்சி நிதி எதுவும் இதற்குத் தேவையில்லை. ஓர் ஒலிப்பதிவுக் கருவியோடு ஆவணித் திருவிழா முடிந்து மடுல்சீமைக்குத் திரும்பும் பஸ்ஸில் ஏறினால், பசறை வருவதற்குள் பாதி வேலை முடிந்துவிடும்.